இறம்பொடை ஏற்றமும் எடைத் தராசும்

கேள்வி: நான் தலவாக்கலையில் வசிக்கும் 41 வயது ஆசிரியர். உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றர். கடந்த ஆண்டு பழைய ரேசிங் சைக்கிள் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் ஓடி வருகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் 70 கிலோவுக்கு இறங்கி, நுவரெலியா வசந்த காலத்தில் கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியா வரை சைக்கிளிலேயே ஏறிவிட வேண்டும் என்பது என் இலக்கு. எடை குறைய வேண்டும் என்பதற்காக ஞாயிறு காலையில் ஒரு பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு இரண்டரை மணித்தியாலம் ஓடுகிறேன். திரும்பும்போது கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வெறுவயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 112, இரத்த அழுத்தம் 138/88. தந்தையாருக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. நான் வைத்த இலக்கு சரியானதா?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் நிறுத்தியது 84 என்ற எண் அன்று, 52 என்ற எண். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அதைக் குடும்பவழி ஆபத்தாகவே வைத்தியர்கள் கணக்கிடுகிறோம். அதனுடன் எல்லையைத் தொட்டு நிற்கும் இரத்த அழுத்தமும், 100க்கும் 125க்கும் இடைப்பட்ட, நீரிழிவுக்கு முந்திய நிலை என்று சொல்லப்படும் சீனி அளவும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஏற்றங்களில் மூச்சு வாங்க மிதிப்பதற்கு முன், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் சென்று கொழுப்பு அளவுகள், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை, ஈசிஜி ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். உடற்பயிற்சியின்போது எடுக்கும் ஈசிஜி தேவையா என்பதை உங்களைப் பார்க்கும் வைத்தியர் தீர்மானிப்பார். அதுவரை பேச்சுத் தடைப்படாத வேகத்தில் சமதளத்தில் ஓடுவதில் தவறில்லை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, ஏற்றத்துக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே இறங்கி உட்கார்ந்து 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். வீடு வரை மெதுவாக ஓடிப் போய்விடலாம் என்று அந்த நேரத்தில் எண்ணவே கூடாது.

இனி உங்கள் இலக்கைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 14 கிலோவுக்கு ஓர் இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேலாகிறது. அதை 60 நாட்களுக்குப் பங்கிட்டால், நாள்தோறும் 1,800 கலோரி குறைவாக உண்ண வேண்டும். உங்கள் வயதும் உடலும் வகுப்பறை வேலையும் கொண்ட ஒருவருக்குச் சைக்கிள் ஓடாத நாளில் மொத்தத் தேவையே 2,300 கலோரி அளவில்தான் இருக்கும். மீதியில் ஒரு நாளை ஓட்டுவதென்றால் அது உணவாக இராது, பட்டினியாகவே இருக்கும். பட்டினியில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. எந்தத் தொடைத் தசையைக் கொண்டு மலை ஏற வேண்டுமோ அந்தத் தசையும் சேர்ந்து கரையும். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று மகிழ்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் மாச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. உணவைக் குறைத்தவுடன் அந்தச் சேமிப்பு தீர்வதால் நீரும் வெளியேறுகிறது. ஒரு நாள் வயிறாரச் சோறு உண்டால் இரண்டும் திரும்பி வந்துவிடும். தராசு காட்டிய அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே அன்று.

அப்படியானால் எவ்வளவு குறைக்கலாம்? நான் உங்களுக்கு வைக்கும் முதல் இலக்கு 78 கிலோ, ஆறு மாதத்தில். இந்த எண்ணை வெறும் எச்சரிக்கையால் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடங்கள் உடலை இயக்குவதும்தான். அந்தக் குழுவில் நீரிழிவு புதிதாக வருவது 58 வீதம் குறைந்தது. 84 கிலோவில் 7 வீதம் ஏறத்தாழ ஆறு கிலோ. இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியானது. நம்மைப் போன்ற உணவும் உடல்வாகும் கொண்ட அந்த மக்களிடம், உணவையும் நடையையும் திருத்தியதால் மட்டும் நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி மாறவில்லை. தராசு அசையாத மாதங்களிலும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். மனம் தளரும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடையைவிட இடுப்புச் சுற்றளவையே நான் அதிகம் நம்புகிறேன். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கு மேல் என்றாலே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், காலையில் அளக்க வேண்டும். 98இலிருந்து முதலில் 94, பிறகு 90 என்று இறங்குங்கள். இதை மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

அடுத்தது நடுக்கமும் கண் இருட்டுவதும். மாச்சத்துச் சேமிப்பு இரவிலேயே ஓரளவு குறைந்திருக்கும். அதன் மேல் இரண்டரை மணித்தியாலம் மலைப் பாதையில் மிதித்தால் இரத்தச் சீனி இறங்கி, கை நடுங்கி, பார்வை மங்குகிறது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பஸ் என்று வளைந்து இறங்கும் நம் பாதைகளில் அந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. அது எடையையும் குறைக்காது. பசியோடு வீடு திரும்பியவர் பத்து மணிக்கு என்ன உண்கிறார் என்பதை அவரவர் வீட்டாரைக் கேட்டால் தெரியும். ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட, மெதுவான ஓட்டத்துக்குத் தேத்தண்ணீரோடு புறப்படலாம். அதற்கு மேலென்றால் புறப்படுமுன் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு பாணோ உண்ணுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. சட்டைப் பையில் மூன்று பழங்கள் போதும், கடையில் விற்கும் விலை உயர்ந்த பொடிகள் வேண்டியதில்லை. உண்ணக் கற்றுக்கொண்ட பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் வைத்தியரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

சைக்கிளின் மேல் குறைக்க வேண்டாம், மேசையில் குறையுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. மேசை என்றதும் சோற்றைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் முதலில் கேட்பது தேத்தண்ணீரை. ஆசிரியர் அறையில் ஒன்று, இடைவேளையில் ஒன்று, யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று என்று நாளுக்கு ஐந்து கோப்பை குடித்து, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டால், 75 கிராம் வரை சீனியாகிறது. அது 300 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைத்தாலே வாரத்துக்கு அரைக் கிலோவை நெருங்கலாம் என்ற கணக்கில், பாதிக்கு மேல் தேத்தண்ணீர்க் கோப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே நாளில் நிறுத்தினால் வாய்க்குப் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள்.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் தாய்மார் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு விடிந்தது முதல் மாலை வரை மலை ஏறி இறங்கினார்கள். அந்த உழைப்புக்கு அந்தத் தட்டு நிறைந்த சோறும் தடித்த ரொட்டியும் தேவைப்பட்டன. படித்து உத்தியோகத்துக்கு வந்த பிள்ளைகளாகிய நாம் நாற்காலியில் அமர்ந்துவிட்டோம். ஆனால் தட்டின் அளவை மாற்றவில்லை. நாற்பது வயதில் மாரடைப்போடு வரும் மலையகத்து இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது என் மனதை வருத்துகிறது. இரவுச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கீரையும் மரக்கறியும் பருப்பும் நிரப்பட்டும். புரதம் நாளுக்கு 95 கிராம் அளவில் இருந்தால், எடை குறையும்போது தசை காக்கப்படும். முட்டை, மீன், கடலை, சோயாமீற், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் அது எட்டாத அளவன்று. ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் கடையில் ஒரு பெரிய கொத்து ரொட்டி உண்டால், ஏறிய மலை முழுவதும் அந்தத் தட்டிலேயே திரும்பி வந்துவிடும்.

மலை ஏறுவதில் எவ்வளவு செலவாகிறது என்பதை நீங்களே கணிக்கலாம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர், நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். நீங்களும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்ந்து 97 கிலோ என்று கொண்டால், அந்த எடையை 670 மீற்றர் உயர்த்த 640 கிலோயூல் வேலை செய்ய வேண்டும். மனித உடல் தான் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கை அல்லது சற்றுக் குறைவாகத்தான் மிதியில் வேலையாக மாற்றுகிறது. உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்பதோ நான்கு கிலோயூலுக்குச் சற்று மேல். ஆகவே கிலோயூலில் வரும் எண்ணை அப்படியே கலோரியாகக் கொள்வது நடைமுறைக்குப் போதுமான கணக்கு. உயர்வதற்கு மட்டும் 640 கலோரி, வழியில் வரும் சிறு இறக்கங்களையும் காற்றையும் சேர்த்தால் இன்னும் சிறிது கூடும். உங்கள் கைக்கடிகாரம் இதைவிட மிக அதிகமாகக் காட்டினால் கடிகாரத்தை நம்ப வேண்டாம். இதே கணக்கின்படி, நீங்கள் 78 கிலோவுக்கு இறங்கினால், அதே கால் பலத்துடன் 90 நிமிடத்தில் ஏறிய ஏற்றத்தை ஏறத்தாழ ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிப்பீர்கள். கால் பலமும் கூடினால் பலன் இரட்டிக்கும்.

ஆகவே உடற்தகுதியை அளக்க ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். லிந்துலையிலிருந்து நானுஓயா வரை உள்ள பாதையில், இருபது முதல் முப்பது நிமிடம் எடுக்கும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துவைத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மழையில்லாத காலையில், பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்த பிறகு, முழு முயற்சியுடன் ஏறி நேரத்தை எழுதுங்கள். மற்ற நாட்களில் நேரம் பார்க்காதீர்கள். வாரத்துக்கு மூன்று ஓட்டங்கள் போதும். பாடசாலை விட்டபின் 45 நிமிட ஓட்டங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று முழுவதும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், மற்றொன்றில் நான்கு நிமிட ஏற்றம் நான்கு தடவை, இடையில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு. ஞாயிறு நீண்ட ஓட்டம், அதுவும் பெரும்பாலும் மெதுவாகவே. வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம், உட்கார்ந்து எழும் பயிற்சியும் படிக்கட்டு ஏறுவதும் சேரட்டும். சைக்கிள் எலும்பின் மேல் எடை ஏற்றுவதில்லை என்பதால், சைக்கிள் மட்டுமே ஓடுபவர்களுக்கு எலும்பு உறுதிப்பட இது தேவை.

பழைய ரேசிங் சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் பின் பற்சக்கரம் பெரும்பாலும் சிறியது. மலையில் நிமிடத்துக்கு 50 சுற்றுக்கூட வராமல் முழு எடையையும் முழங்காலில் கொடுத்து மிதிக்க நேரும். முழங்கால் வலிக்குப் பிறகு என்னிடம் வருவதைவிட, இப்போதே சைக்கிள் திருத்துபவரிடம் சென்று பெரிய பற்சக்கரம் போட முடியுமா என்று கேளுங்கள். ஏற்றத்திலும் நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் குறையாமல் மிதிக்க முடிந்தால் முழங்கால் தாங்கும். இருக்கையின் உயரமும் முக்கியம். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும்.

சித்திரைக்கு என்ன செய்வது? கண்டியிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 77 கிலோமீற்றர். 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றருக்கு ஏற வேண்டும், அதிலும் கடினமான பகுதியாகிய இறம்பொடை கால் களைத்த பிறகுதான் வருகிறது. அதை இந்த ஏப்ரலில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பரிசோதனைகள் சரியாக இருந்தால், இந்த வசந்த காலத்தில் தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியா செல்லுங்கள். கூட்ட நெரிசல் தொடங்குமுன், விடிந்து வெளிச்சம் வந்த பின். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் ஓட்டம் தவறும் வாரங்கள் வரும், அவற்றை மழைக் காலம் என்றே எண்ணுங்கள், உங்கள் தோல்வி என்று எண்ண வேண்டாம். அப்போது உணவும் வீட்டுப் பயிற்சியும் தொடர்ந்தால் போதும். இறம்பொடையை அடுத்த ஆண்டு தை, மாசியில் வைத்துக்கொள்ளலாம்.

உச்சியை அடைந்து திரும்பும்போது வியர்வையில் நனைந்த உடலோடு இறக்கத்தில் விழும் குளிரில் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்க வராமல் போகும். ஒரு மெல்லிய மழை அங்கியையும் கையுறையையும் முதுகுப் பையில் வைத்து, இறங்கத் தொடங்குமுன் அணிந்துகொள்ளுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவற்றைப் பார்த்த பிறகுதான் அந்த நான்கு நிமிட ஏற்றங்களைத் தொடங்க வேண்டும்.