கென்னடியைச் சுட்டது எத்தனை பேர்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் கென்னடி 1963 நவம்பர் 22 பகல் 12.30 மணிக்கு டல்லஸ் நகரில், திறந்த காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு முன் இருக்கையில் இருந்த டெக்சாஸ் கவர்னர் கானலிக்கும் குண்டடி. பாடப்புத்தகக் கிடங்கின் ஆறாம் தளத்திலிருந்து (நம் கணக்கில் ஐந்தாவது மாடி) லீ ஹார்வி ஆஸ்வால்ட் தனியாளாக மூன்று முறை சுட்டார் என்று 1964-ல், அரசு அமைத்த விசாரணைக் குழுவான வாரன் கமிஷன் முடிவு சொன்னது. அதை நம்பாதவர்கள் இன்றைக்கும் ஏராளம். நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்க வேண்டிய பழைய இத்தாலியத் துப்பாக்கி அது. 5.6 வினாடிக்குள் மூன்று தடவை சுடவே முடியாது என்று பட்டாளத்தில் இருந்த என் மாமா அடித்துச் சொல்கிறார். – வாசகர், வெலிங்டன்

மாமா கடிகாரத்தை எப்போது ஓட விடுகிறார் என்று கேளுங்கள். முதல் தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கும். முதல் வெடிச் சத்தத்தில்தான் நேரம் தொடங்குகிறது. ஆகவே மூன்று சூட்டுக்கு இடைவெளி இரண்டுதான். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. செய்த சோதனையில் அந்த மான்லிகர்-கார்கானோவில் ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தபட்சம் 2.3 வினாடி ஆனது. இரண்டு இடைவெளிக்கு 4.6. 5.6-ஐ மூன்றால் வகுப்பவர்கள்தான் ‘முடியாது’ என்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 5.6 என்ற எண்ணே முழு நேரம் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்த ஆபிரகாம் சப்ரூடர் எடுத்த 8 மி.மீ. படம் வினாடிக்கு 18.3 ஃபிரேம் ஓடுகிறது. தலையில் பட்டது 313-வது ஃபிரேம். 210-லிருந்து எண்ணினால் 103 ஃபிரேம், அதாவது 5.6 வினாடி. ஆனால் அது கென்னடியின் உடம்பில் பட்ட முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரையிலான நேரம். மூன்றில் குறி தவறிய ஒரு குண்டுதான் முதலில் வந்தது, ஏறக்குறைய 160-வது ஃபிரேமில் என்று பின்னால் ஆராய்ந்த பலர் கருதுகிறார்கள். அப்படியானால் 153 ஃபிரேம். எட்டு வினாடிக்கு மேல். மாமாவே சுட்டுவிடுவார்.

ஒரே குண்டு கென்னடியின் கழுத்தில் நுழைந்து, கானலியின் மார்பு, மணிக்கட்டு, தொடை என்று போனதாம். நடுவில் வலமும் இடமுமாக வளைந்திருக்க வேண்டாமா? குண்டும் நசுங்கவே இல்லையாமே? – வாசகர், அருவங்காடு

வளைகிற கோடு போட்ட படங்களில் இரண்டு பேரும் நேர்முன்பின்னாக, ஒரே உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காரில் அப்படி இல்லை. கென்னடி பின் இருக்கையின் வலது ஓரத்தில் இருந்தார். கானலியுடையது மடக்கு இருக்கை; சுமார் 3 அங்குலம் தாழ்வு, கதவிலிருந்து உள்பக்கம் தள்ளியது. அவர் வலப்பக்கம் திரும்பியும் இருந்தார்.

வாசலில் செய்து பார்க்கலாம். பின்னால் ஒரு நாற்காலி, முன்னால் அதைவிடத் தாழ்ந்த முக்காலி. முக்காலியை நாலைந்து விரற்கடை இடப்பக்கம் நகர்த்துங்கள். அதில் உட்காருபவர் உடம்பை வலப்பக்கம் திருப்பட்டும். பின்னவரின் முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே நூலைப் பிடியுங்கள். மறுமுனை 3 மீட்டர் பின்னால், அந்த இடத்தைவிட 1 மீட்டர் உயரத்தில், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்தக் கோட்டை அப்படியே முன்னால் நீட்டினால் முன்னவரின் வலது அக்குள் பக்கம் போய் நிற்கும். கமிஷன் காரை வைத்துக் கணக்கிட்ட சரிவு 17 டிகிரி 43 நிமிடம். மேலே சொன்ன உயரம் அதற்குத்தான்.

நம் ஊரில் இது பிசகுவதற்குக் காரணம் தரைதான். மலைச் சரிவில் போட்ட வாசல் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருக்கும்; கண்ணுக்குத் தெரியாது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு முக்காலியைப் போடுங்கள். டல்லஸ் தெருவுக்கே 3 டிகிரி 9 நிமிடம் இறக்கம் உண்டு. அதைக் கழித்த பிறகு வந்ததுதான் மேலே சொன்ன சரிவு, மறுபடி கழிக்காதீர்கள்.

குண்டு நசுங்கவில்லை என்பது பாதி நிஜம். பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் புதுசு போலத் தெரியும். அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டையாகி ஈயம் பிதுங்கியிருக்கும். செப்புக் கலவை உறை முழுக்க மூடிய ராணுவத் தோட்டா அது. சதையில் வேகம் இழந்து, கவிழ்ந்து புரண்டு எலும்பில் பட்டால் முனை சிதையாது. இருந்த எடை 158.6 கிரெய்ன் (தோட்டாவை நிறுக்கும் சிறு அளவு), சுடாத தோட்டா 160, 161 கிரெய்ன் இருக்கும். மணிக்கட்டில் கிடைத்த துணுக்குகளோ மிகச் சிறியவை.

கார் டிரைவரே திரும்பிச் சுடுவது படத்தில் தெரிகிறதே? – வாசகி, உதகை

இல்லை. பக்கத்தில் இருந்த பாதுகாப்பு அதிகாரியின் தலைமுடியில் வெயில் பளிச்சிடுகிறது. நகலுக்கு நகல் எடுத்த மங்கல் பிரதியில் அது துப்பாக்கி மாதிரி தெரியும். தெளிவான பிரதியில் டிரைவரின் இரண்டு கையையும் பாருங்கள்.

காருக்கு முன்னால் வலப்பக்கம் இருந்த புல்மேட்டிலிருந்து சத்தம் வந்ததாக நேரில் கேட்டவர்களே சொன்னார்களே? ஒலிநாடாவில் நான்காவது சூடும் பதிவானதாமே? – வாசகர், கூடலூர்

யானை விரட்டப் பட்டாசு போடும்போது எந்தப் பக்கம் வெடித்தது என்று தெரியாமல் தடுமாறுவது உங்கள் ஊருக்குப் புதிதா? டல்லஸ் சதுக்கமும் கட்டடங்கள் சூழ்ந்த இடம், எதிரொலி அதிகம். போதாததற்கு அந்தத் தோட்டா ஒலியைவிட வேகமானது. அது காற்றைக் கிழிக்கும் ‘படார்’ ஒன்று, துப்பாக்கி வாயிலிருந்து வரும் சத்தம் ஒன்று என்று ஒரு சூட்டுக்கு இரண்டு சத்தம். முதல் சத்தத்தை வைத்துத் திசை சொன்னால் தவறும். 178 சாட்சிகளில் 49 பேர் கிடங்கு என்றார்கள், 21 பேர் புல்மேடு என்றார்கள், 78 பேருக்குத் திசையே தெரியவில்லை. ஆனால் 132 பேர் மூன்று சத்தம் என்றே சொன்னார்கள். எண்ணிக்கை விஷயத்தில் காதை நம்பலாம், திசை விஷயத்தில் கஷ்டம்.

நான்காவது சூடு, போலீஸ் மோட்டார் சைக்கிளின் மைக் திறந்தபடி இருந்ததால் பதிவானது என்று நினைத்த ஒலி. அதை நம்பித்தான் அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1979-ல் ‘சதி இருந்திருக்கலாம்’ என்று அறிக்கை கொடுத்தது. அந்த ஒலி பதிவான அதே இடத்தில் இன்னொரு அலைவரிசையிலிருந்து ஷெரிஃபின் (வட்டாரக் காவல் தலைவர்) குரல் கசிந்திருக்கிறது. அவர் அதைப் பேசியது சுட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து! 1982-ல் தேசிய அறிவியல் அகாடமி குழு இதைக் காட்டியதும் நான்காவது சூடு காலி.

அப்படியானால் அரசாங்கம் எதையும் மறைக்கவில்லையா? வெளியிட்ட ஆவணங்களை நாமே படிக்க முடியுமா? – கல்லூரி மாணவி, கோத்தகிரி

நன்றாகவே மறைத்தார்கள். ஆஸ்வால்ட் கொண்டுவந்து கொடுத்த ஒரு சீட்டை டல்லஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் கிழித்துக் கழிவறையில் போட்டார்கள். 1975 வரை யாருக்கும் தெரியாது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல மாஃபியாவோடு அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. போட்ட திட்டங்கள் கமிஷனுக்குச் சொல்லப்படவே இல்லை. அவை தொடங்கியபோது சி.ஐ.ஏ. தலைவராக இருந்த ஆலன் டலஸ் அதே கமிஷனின் உறுப்பினர்! இவை தங்கள் தலையைக் காத்துக்கொள்ள மறைத்தவை. புல்மேட்டில் ஆள் நின்றதற்கு இவை சாட்சி ஆகாது.

ஆவணங்களை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 13 இலக்க எண் உண்டு. 104 என்று தொடங்கினால் சி.ஐ.ஏ., 124 எஃப்.பி.ஐ., 180 நாடாளுமன்றக் குழு. சி.ஐ.ஏ. தாளில் ‘குபார்க்’ என்றால் அந்த அமைப்பேதான், ‘ஓடென்வி’ என்றால் எஃப்.பி.ஐ.; இது தெரியாமல் படித்தால் ஏதோ ரகசியக் கூட்டாளி என்று தோன்றும். தேதியை முதலில் பாருங்கள். 1964-க்குப் பிறகு யாரோ காதில் விழுந்ததை எழுதியனுப்பிய தாள்கள் நிறைய. அலுவலகம் அதை ஃபைலில் சேர்த்ததாலேயே உண்மை என்று கொள்ள முடியாது. 2025 மார்ச்சில் புதிதாக வெளிவந்ததாகப் பேசப்பட்டவற்றில் பல, கறுப்பு மையிட்டு ஏற்கெனவே வந்தவையே. அதே எண்ணில் பழைய பிரதியைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.