வாசகர் கேள்வி – பதில்: பரீட்சைத் தாளில் பாட்டு

கேள்வி: அரசுத் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களிடையே ஒரு வாக்குவாதம். சீனாவில் கவிதை எழுதித்தான் அதிகாரி ஆனார்களாமே? தாங் காலக் கவிதை உயர்ந்ததற்கு அந்தத் தேர்வுதான் காரணமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முதல் பாதி சரி. தாங் அரசின் (618–907) 'ஜின்ஷி' என்ற உயர் அதிகாரித் தேர்வில் 8ஆம் நூற்றாண்டில் கவிதையும் ஒரு தாளாகிவிட்டது. தலைப்பு தேர்வாளர்கள் தருவது. வழக்கமான அளவு 12 வரி, வரிக்கு 5 எழுத்து (சீனத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு சொல்). இரட்டைப்படை வரிகள் ஒரே இயைபில் முடிய வேண்டும். தொனிகள், அதாவது சீனச் சொற்களின் குரல் ஏற்ற இறக்கங்கள், விதிப்படி மாறி வர வேண்டும். நடுவிலுள்ள ஈரடி இணைகளில் சொல்லுக்குச் சொல் ஈடாக நிற்க வேண்டும். இயைபு பிசகினால் தாள் போச்சு. ஒரே எழுத்து இரண்டாம் முறை வந்தாலும் குறைதான். நம்மூரில் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பது போலத்தான். அங்கே பரிசு, பதவி.

'சியாங் நதித் தெய்வம் யாழ் மீட்டுகிறாள்' என்ற தலைப்புக்குத் தாங் கவிஞர் சியான் சி எழுதியதில் 'இல்லை' எனும் எழுத்து இருமுறை வருகிறது. ஆனாலும் தேறினார். காரணம் கடைசி இணை: பாட்டு முடிகிறது, ஆளைக் காணோம், ஆற்றின் மேல் சில பச்சைச் சிகரங்கள்.

இரண்டாம் பாதிதான் பழைய சண்டை. கவிதையால் ஆள் எடுத்ததால்தான் தாங் கவிதை சிறந்தது என்றார் சொங் கால (960–1279) விமர்சகர் யான் யூ. மிங் காலத்து (1368–1644) வாங் ஷிசென் மறுத்தார்: தேர்வுக் கவிதைகளில் நல்லது அபூர்வம், சியான் சி எழுதியது போல் கோடியில் ஒன்றுகூடத் தேறாது. என் ஓட்டு வாங்குக்கே. தாங் காலப் பெருங்கவிஞர் இருவரையே பாருங்கள்: து ஃபூ தேர்வில் தோற்றவர். லி பாய் அந்தப் பக்கமே போகவில்லை. தேர்வு தந்தது பயிற்சி. படித்தவர் எல்லோருக்கும் யாப்பு கைவந்தது. நுட்பம் தெரிந்த வாசகர் கூட்டமும் உருவானது.

கவிதை விமர்சனத்தில்தான் தேர்வு விட்ட தழும்பு ஆழம். மிங் காலத்திலும் அடுத்து வந்த சிங் காலத்திலும் (1644–1912) 'எட்டுக்கால்' எனப்படும், எட்டுப் பகுதிக் கட்டுக்கோப்புள்ள தேர்வுக் கட்டுரை எழுதிப் பழகியவர்கள், கவிஞர் தலைப்பை எங்கே திறந்தார் (அதன் பொருளை எங்கே தொட்டுத் தொடங்கினார்), எங்கே திருப்பினார் என்று அதே அளவுகோலால் பழைய கவிதையையும் அளந்தார்கள். இடையில் நின்றுபோன கவிதைத் தாள் 1757இல் மீண்டும் வந்ததும் சிங் கால ஜி யுன் போன்ற அறிஞரே தாங் தேர்வுக் கவிதைகளுக்கு விளக்கநூல் எழுதினார். கட்டமைப்பைப் பார்க்க அந்த முறை உதவும். தேர்வுக்கென்று எழுதாத பாட்டிலும் தலைப்புத் திறப்பைத் தேடுவதுதான் வம்பு.

கேள்வி: தொகுப்பில் தேர்வுக் கவிதையைக் கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகி, ஆற்காடு

பதில்: வரியை எண்ணுங்கள். தாங் என்றால் பெரும்பாலும் 12, சிங் என்றால் 16. முடிவில் அரசருக்குப் புகழோ, ஆதரவு கேட்கும் குரலோ இருக்கும். தலைப்பில் 'ஃபூ-த' என்று இருந்தால் கொடுத்த பொருளுக்கு எழுதியது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: தாங் கவிஞர் பாய் ஜூயியின் புகழ்பெற்ற புல்வெளிக் கவிதைக்கும் அந்தத் தலைப்புண்டு, வரியோ எட்டுதான்.