மரவள்ளி மாவு கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்குமா?

மரவள்ளி மாவை அப்படியே கரைத்து ஊற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கலங்கலில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அடியில் படிவதில்லை. சாதாரண மாவுக்கோ மின்னேற்றமே கிடையாது.

அதனால் மாவைக் காரக் கரைசலில் வைத்து, நேர் (பாசிட்டிவ்) மின்னேற்றமுள்ள அம்மோனியத் தொகுதிகளை அதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஒட்டவைக்கிறார்கள். அப்புறம் அது துகள்களை இழுத்துப் பிடிக்கும். மரவள்ளி மாவில் பெரும்பகுதி அமைலோபெக்டின். கிளை கிளையாகப் பிரிந்த அந்தப் பெரிய மூலக்கூறு ஒரே நேரத்தில் பல துகள்களைக் கோத்துவிடும். ஜார் டெஸ்டில், அதாவது கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனையில், முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கிப் பாருங்கள். சேற்று நீரில் பொடிப்பொடியாகத் திரள்கள் தோன்றி, பால் திரிவது போல் பெருத்து, கீழே இறங்கும். எனக்கு இன்னும் சலிக்காத காட்சி.

அளவுதான் முக்கியம். கூடிப்போனால் துகள்கள் நேர் மின்னேற்றம் பெற்று மறுபடி தள்ளிக்கொள்ளும். மிஞ்சிய மாவு நுண்ணுயிரிகளுக்குத் தீனியாகும். மக்கும் குணம் இதன் பலம், கரைசல் சீக்கிரம் கெடுவதற்கும் அதுவே காரணம். இதே வேலைக்குப் பயன்படும் செயற்கைப் பாலிமரான பாலிஅக்ரிலமைடில் எஞ்சி நிற்கும் மூலப்பொருளான அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும் நஞ்சு என்பதால், இந்தச் சிரமத்தைத் தாராளமாக ஏற்கலாம். ஆனால் மாவோடு பாலிஅக்ரிலமைடைப் பிணைத்துவிட்டு ‘முழுக்க மக்கும்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். எளிதில் மக்குவது மாவுப் பகுதி மட்டுமே.