மழை வளைவில் டயர் ஏன் கைவிடுகிறது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். நகரம் முழுவதற்கும் ஒரே பருவமழைதான். ஆனால் துறைமுகத்துக்கும் மணலிக்கும் இரவும் பகலும் கனரக லாரிகள் ஓடும் சாலைகளில் மழைநீர் எதனோடு கலக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: எண்ணூர் விரைவுச்சாலை வழியாக வேலைக்குப் போகிறேன். தூறல் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு வளைவில் பைக்கின் முன்சக்கரம் சறுக்கி விழுந்துவிட்டேன். வேகம் 40-ஐத் தாண்டவில்லை, டயரும் புதியது. கொட்டும் மழையில் அதே வளைவில் எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஏன் இப்படி? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: கொட்டும் மழை சாலையைக் கழுவிவிடும். தூறலுக்கு அந்தப் பலம் கிடையாது. கிடக்கும் அழுக்கைக் குழைத்து வைத்துவிட்டுப் போய்விடும். லாரிகளிலிருந்து சொட்டிய எண்ணெய், தேய்ந்த டயர்களின் ரப்பர் தூள், கன்டெய்னர் யார்டுகளிலிருந்து சக்கரத்தோடு வரும் சேறு, கடலோர மணல் எல்லாம் உங்கள் சாலையில் மழைக்காகக் காத்திருக்கின்றன. முதல் சில நிமிடங்களில் அவை பசைபோல் ஆகும். அந்தப் பசைமேல்தான் நீங்கள் பைக்கைச் சாய்த்திருக்கிறீர்கள்.

டயர் புதியது என்பதும் இங்கே உதவவில்லை. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் ஓடி அது தேயும்வரை அளவோடு சாய்க்க வேண்டும்.

40 குறைவான வேகம்தான் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவின் ஆரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் திரும்ப, வண்டியின் எடையில் ஏறத்தாழ 42 விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் வேண்டும். காய்ந்த தார்ச்சாலை 70, 80 விழுக்காடு தரும். நனைந்தாலும் சுத்தமான சாலை 50-ஐ ஒட்டித் தரும். எண்ணெயும் சேறும் கலந்த சாலையில் அது 30-க்கும் கீழே போகலாம். அதே வளைவில் 30 கிலோமீட்டரில் போயிருந்தால் தேவை 24 விழுக்காடுதான். பிடிமானத்தின் தேவை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 10 கிலோமீட்டர் குறைத்ததில் தேவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது.

முன்சக்கரம் சறுக்கியது என்பதால் இன்னொரு சந்தேகமும் வருகிறது: வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டீர்களா? டயரின் பிடிமானம் கையிலிருக்கும் ஒரே தொகை மாதிரி. திரும்புவதற்கும் பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, நேர்ச்சாலையிலேயே பிரேக்கை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்திருந்தால் போதும். உடம்பை வளைவின் உட்புறமாகக் கொஞ்சம் நகர்த்தினால் வண்டி குறைவாகச் சாய்ந்தாலே திரும்பிவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பிடிப்பு கூடும் என்று பஞ்சர் கடையில் சொல்கிறார்கள். சரியா? – வியாசர்பாடி வாசகர்

பதில்: தவறு. மணலில் ஓட்டுவதற்குச் சொல்லும் யோசனை எப்படியோ தார்ச்சாலைக்கு வந்துவிட்டது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணீரை வெளியேற்றும் காடிகள் இறுகும், வளைவில் பக்கச்சுவர் நெளியும். நிறுவனம் சொன்ன அளவையே வையுங்கள். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்து மொபெட்டில் கொண்டுபோய் விற்கிறேன். பின்னால் ஐஸ் பெட்டி. மழையில் தெருமுனைகளில் திரும்பும்போது முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்பதில்லை. சில நேரம் பின்சக்கரமும் வழுக்குகிறது. – காசிமேடு வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். பெட்டியின் பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் தூக்கப்படும். தரையை அழுத்தாத சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? பெட்டியை இருக்கையை ஒட்டி முன்னே தள்ளிக் கட்டுங்கள். இந்த வண்டிகளில் கால் வைக்கும் இடத்தில் தட்டையான பரப்பு இருக்கிறதல்லவா, கனமான ஐஸில் ஒரு பங்கை அங்கே கொண்டுவாருங்கள். பாதி உருகிய பெட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைவதும் திருப்பத்தில் வண்டியைத் தள்ளும். அதனால் கிளம்பும் முன் வடித்துவிடுங்கள்.

அடுத்தது அந்தத் தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்பது. பல வண்டிகளில் பார்க்கிறேன், பெட்டியின் வடிகால் துளை நேராகப் பின் டயர்மேல் இருக்கிறது. மீன் கொழுப்பும் வழும்பும் கலந்த நீரை உங்கள் டயருக்கு நீங்களே பூசிக்கொண்டே போகிறீர்கள். துளையில் ஒரு குழாய் மாட்டிச் சிறு கேனில் பிடியுங்கள். சாலையில் விட்டால் பின்னால் வருபவர் வழுக்குவார். எஸ்.என். செட்டி தெருவில் விடியற்காலையில் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மழை பெய்யாத நாளிலும் அங்கே ஈரம்தான்.

கேள்வி: என் பைக்கில் ஏபிஎஸ் இருக்கிறது. வளைவில் வழுக்காது என்று நம்பலாமா? – மணலி வாசகர்

பதில்: நம்பக்கூடாது. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் அது பார்ப்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்பதை மட்டும். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது சாதாரண ஏபிஎஸ்ஸுக்குத் தெரியாது. சாய்வை அளக்கும் உணரியோடு வருவது விலை கூடிய சில பைக்குகளில்தான். அதுகூட, வேகம் அதிகமாகிப் பக்கவாட்டில் சறுக்கும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

கேள்வி: மேம்பாலத்திலிருந்து இறங்கித் திரும்பும்போது, ஸ்டீயரிங்கை ஒடித்தும் கார் நேராகவே போனது. இன்னும் ஒடித்திருக்க வேண்டுமா? – பெரம்பூர் வாசகர்

பதில்: அதற்கு நேர்மாறு. முன்டயர்கள் பிடியை விட்டுவிட்டன. மேலும் ஒடித்தால் அவை சாலையைக் குறுக்கே உரசிக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்துங்கள். வேகம் இறங்கியதும் பிடி திரும்பும். ஒடித்த நிலையிலேயே வைத்திருந்தால், பிடி திரும்பும் நொடியில் கார் சட்டென்று உள்பக்கம் பாயும்.

பின்பக்கம் வீசினால் மருந்து வேறு. கார் எந்தத் திசையில் போக வேண்டுமோ அங்கே பார்த்து, ஸ்டீயரிங்கையும் அங்கேயே திருப்புங்கள். பதறிப் பிரேக்கை மிதிக்காதீர்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்வதும் இதனால்தான். முன்பக்கம் வழுக்கினால் சாதாரண ஓட்டுநரும் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசினால் அது எளிதல்ல. கடைக்காரர் முன்னால் போட்டுத் தருகிறேன் என்பார். கேட்காதீர்கள்.

மேம்பாலத்தின் இணைப்புகளில் இருக்கும் இரும்புப் பட்டைகளையும், மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் போட்ட தகடுகளையும், பாதாளச் சாக்கடை மூடிகளையும், தடித்த வெள்ளைக் கோடுகளையும் திரும்பியபடி கடக்காமல் இருக்கப் பாருங்கள். பைக் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: டயர் தண்ணீரில் மிதக்கும் என்கிறார்களே, அது எந்த வேகத்தில்? கும்மிடிப்பூண்டிக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். – மாதவரம் வாசகர்

பதில்: 32 பவுண்டு காற்றுள்ள கார் டயர், தேங்கிய நீரில் முழுவதுமாக மிதக்க ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகம் வேண்டும். டயர் தேய்ந்திருந்தால், நீர் ஆழமாக இருந்தால், அதற்கு வெகுமுன்பே. ஆகவே பெரம்பூர்த் தெருவில் இந்தப் பயம் வேண்டாம், கொல்கத்தா நெடுஞ்சாலையில் கட்டாயம் வேண்டும். ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் அதுதான் அறிகுறி. திருப்பாமல், பிரேக் போடாமல் வேகம் தானாக இறங்க விடுங்கள். மழையில் அந்தச் சாலைக்கு 60, 70 போதும்.

கேள்வி: மகள் கல்லூரிக்கு ஓட்டும் ஸ்கூட்டர் ஏழு வருடம் பழையது. அதிகம் ஓடவில்லை. மெக்கானிக் “டயரில் பட்டன் இருக்கிறது, மாற்ற வேண்டாம்” என்கிறார். – தண்டையார்பேட்டை வாசகி

பதில்: மாற்றிவிடுங்கள், அம்மா. பட்டன், அதாவது காடிகளுக்கிடையே மேடாக நிற்கும் ரப்பர், தேயாமல் இருக்கலாம். ஆனால் ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ஈரச்சாலையில் பிடிக்காது. டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. புதியது வாங்கும்போதும் அதைப் பார்த்து வாங்குங்கள். காடியின் ஆழம் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர், காருக்கு 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. அந்த எல்லைவரை ஓட்டிவிட்டு ஐப்பசி மழையில் இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றச் சொல்வேன்.

கேள்வி: ஆட்டோ ஈரத்தில் கவிழுமா, வழுக்குமா? – ராயபுரம் வாசகர்

பதில்: முதலில் வழுக்கும். ஒற்றை முன்சக்கரம் பிடியை இழந்து வண்டி நேராகப் போகும். சறுக்கிக்கொண்டே போய்க் காய்ந்த இடத்திலோ நடைபாதை ஓரத்திலோ சக்கரம் தட்டினால் அப்போது கவிழும்.

கேள்வி: சாலையில் டீசல் கொட்டியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிதித்துவிட்டால்? – கொடுங்கையூர் வாசகர்

பதில்: முதலில் மூக்கு சொல்லும், ஹெல்மெட்டுக்குள்ளும் அந்த வாசனை வரும். பகலில் ஈரத்தின்மேல் வானவில் நிறம் தெரியும். டாங்க் நிறைந்த லாரியின் மூடி சரியாக இறுகாவிட்டால் வளைவில்தான் வழியும், எனவே லாரிகள் திரும்பும் முனைகளில் சந்தேகத்தோடு போங்கள். பெட்ரோல்போல் டீசல் ஆவியாகிப் போகாது, மழை பெய்தாலும் எளிதில் விலகாது. மிதித்துவிட்டால் பைக்கைச் சாய்க்காமல் நேராக ஓட்டி ஓரமாக நிறுத்துங்கள். கொட்டிய இடத்தை 112-க்குச் சொல்லுங்கள். பக்கத்தில் மணல் இருந்தால் மேலே தூவலாம். டயரைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிரேக் டிஸ்க்கில் தெறித்திருந்தால் அதற்கென்று விற்கும் பிரேக் கிளீனரால் துடைத்து, ஓட்டும் முன் நின்ற இடத்திலேயே இரண்டு முறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.