சும்மா போய்ப் பார்க்கிறவன்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பி.காம். முடித்து இரண்டு வருடத்தில் மூன்று வேலை மாறி, இப்போது வீட்டில் இருக்கிறான். நண்பன் முப்படை அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். தேர்வுக்கு விண்ணப்பித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், தானும் ஒன்று போட்டு வைத்தான். நண்பன் தேறவில்லை, இவன் தேறிவிட்டான். அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "சும்மா போய்ப் பார்க்கிறேன்ப்பா" என்கிறான். ராணுவத்துக்கு அனுப்பினால் திருந்துவானா?
— ஒரு தந்தை, குரோம்பேட்டை

பதில்: திருந்தும்படி அவன் என்ன தப்பு செய்தான் என்று கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று வேலை மாறினான், அவ்வளவுதானே?

அவன் தேறிப் போகக்கூடிய இடம் உங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, 1963 முதல் அங்கேதான் இருக்கிறது. அதைச் சீர்திருத்தப் பள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 49 வாரப் பயிற்சி முடிந்து லெப்டினன்டாக வெளியே வருகிறவன் கையில் முப்பது ஜவான்களை ஒப்படைப்பார்கள். அவனைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுடைய உயிருக்கு உங்கள் பையன் பொறுப்பு. தாம்பரத்துக் கல்லூரியில் படித்து, இதே அகாடமியில் பயிற்சி பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் தன் வீரர்களுக்கு முன்னால் நின்றுதான் உயிரை விட்டார். பையனை நாலு பேர் திருத்தி அனுப்பட்டும் என்று நினைக்கிற அப்பா இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அதற்காக, தற்செயலாக வந்தவன் லாயக்கில்லை என்று சொல்லவில்லை. துணைக்குப் போனவன் தேறுவது நம் ஊரில் புதிதா என்ன? பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நடக்கும்! எஸ்.எஸ்.பி.யில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். முதல் நாளே பலரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்களைக் காட்டி, தோன்றியதை எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த தேசபக்தி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இரண்டு வருடம் என்ன செய்தாய் என்று நிச்சயம் கேட்பார்கள். அங்கே இட்டுக்கட்டாமல், "என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன்" என்று சொல்லட்டும். கோச்சிங் சென்டர்காரர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த அகாடமி வழியாகக் கிடைப்பது குறுகிய காலப் பணி: 10 வருடம், விரும்பினால், அவர்களும் ஒப்புக்கொண்டால் இன்னும் 4. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் பென்ஷன் இல்லை. 35 வயதுக்கு மேல் திரும்பவும் வேலை தேட வேண்டியிருக்கும். பயிற்சியில் சேர்ந்த பிறகு "பிடிக்கவில்லை" என்று தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே 'சும்மா' என்பதெல்லாம் நேர்காணல் வரைக்கும்தான். சேரச் சொல்லி உத்தரவு வந்தால், அதன் பிறகு இரண்டு நாள் அவனைத் தனியாக விடுங்கள். நீங்களும் அம்மாவும் வாயைத் திறக்காதீர்கள்.

இப்போதைக்குப் போய்வரட்டும். முதல் முறை என்றால் ரயில் கட்டணத்தை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், உங்களுக்குச் செலவில்லை. தேறாமல் திரும்பி வந்தால், "நான் அப்பவே நினைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.