டிக்கெட் டப்பாவை ரத்திக்காரரிடம் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது. மும்பை ஆன்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா மத்திய அரசு ஊழியர். சின்ன வயதில் பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட் எது கையில் கிடைத்தாலும் சேர்த்து வைப்பேன். இப்போது டோம்பிவிலியில் வீடு, ஃபோர்ட்டில் வேலை. போன மாதம் பெயிண்ட் அடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த பிஸ்கட் டப்பா கிடைத்தது. ராத்திரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி, ‘பேசாமல் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் போடுங்கள்’ என்கிறாள். எட்டாவது படிக்கும் மகள் ஒரு தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. எனக்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது. மறுபடி சேர்க்கலாம் என்றால், போக வர ரயிலிலேயே நாள் முடிந்துவிடுகிறது. டிக்கெட்டும் போனுக்குள் போய்விட்டது. இந்த வயதில் இது கிறுக்குத்தனமா?
– பெயர் வேண்டாம், டோம்பிவிலி

பதில்: கிறுக்குத்தனம்தான் தம்பி, அதனால் என்ன? தபால்தலை சேர்ப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. தபால்தலையை விற்றால் காசு வரும் என்பதால் அது கௌரவமான பொழுதுபோக்கு ஆகிவிட்டது. உங்கள் டப்பாவை விற்றால் ஒரு வடாபாவ் கூட வராது. அதனாலேயே அது முழுக்க உங்களுடையது. போடாதீர்கள்.

உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. கண்டக்டர் ‘டிக் டிக்’ என்று பஞ்ச் அடித்துக் கிழித்துக் கொடுத்த பெஸ்ட் (மும்பை டவுன் பஸ்) சீட்டுகள், கெட்டி அட்டையில் ரயில் டிக்கெட், காலேஜ் நாட்களும் சேர்ந்திருந்தால் ஸ்டேஷன் மெஷினில் செருகி முத்திரை குத்திக்கொண்ட கூப்பன்கள். அந்த அட்டை டிக்கெட் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரயில்வே ஊழியர் தாமஸ் எட்மண்ட்சன் தொடங்கி வைத்த முறை. நம்மிடம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வழக்கொழிந்துவிட்டது.

தேதி அழிந்துபோனவற்றைப் பெயரை வைத்து வரிசைப்படுத்தலாம். ‘பம்பாய் விடி’ என்று இருந்தால் அநேகமாக 1996-க்கு முந்தையது. அந்த வருடம்தான் விக்டோரியா டெர்மினஸ் என்ற விடி, சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் (சிஎஸ்டி) என்று மாறியது. ‘மகாராஜ்’ சேர்ந்து சிஎஸ்எம்டி ஆனது 2017-இல். எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் 2018-இல் பிரபாதேவி ஆனது. மீதிப் பழைய அச்சையும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கலாம், அதனால் ரொம்பக் கறாராகப் பார்க்க வேண்டாம். பஸ் சீட்டில் கட்டணம்தான் துப்பு. பைசாவில் இருப்பவை முதலில், ரூபாயில் இருப்பவை அப்புறம்.

பத்திரப்படுத்தும் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லேமினேஷன் செய்யாதீர்கள். ஆசையாக எல்லோரும் முதலில் செய்வது அதுதான். இப்போது மெஷினில் வரும் வழவழப்பான டிக்கெட் சூடு பட்டால் கறுக்கும் காகிதம். லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் எழுத்து மங்கும், பிவிசி பிளாஸ்டிக் உறை அதை இன்னும் சீக்கிரம் அழிக்கும். அந்த வகை டிக்கெட்டை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். பழையவற்றுக்கு செல்லோடேப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் மூன்றும் ஆகாது. டேப் பழுப்பாகிக் கறை விடும், நம் கடல்காற்றில் பின் துருப்பிடிக்கும், ரப்பர் உருகி ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் காகித உறைகளும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் போதும். மழை தொடங்கும் ஜூன் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.

உறைகளில் போட்டு மூடி வைத்தால் மறுபடி பரணுக்குத்தான் போகும். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். எங்கே போனீர்கள், யாரோடு, எதற்கு. மாதுங்கா மார்க்கெட்டுக்கு அம்மாவோடு வாழை இலை வாங்கவா, செட்டா நகர் முருகன் கோயிலுக்கா, சயானில் பல் டாக்டரிடம் அழுதுகொண்டேவா? முக்கால்வாசி ஞாபகம் இருக்காது. பெரியவர்கள் யாராவது இருந்தால் இரண்டு டிக்கெட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு சும்மா உட்காருங்கள். ‘அப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டால் ஒன்றும் வராது. காகிதத்தைத் தொட்டால் தானாகப் பேசுவார்கள்.

மறுபடி சேர்ப்பது பற்றி. உங்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. காலை ஃபாஸ்ட் லோக்கலில் கையைத் தூக்கவே இடமில்லை, அங்கே போய் பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சிறுவனாக நீங்கள் வைத்திருந்த டிக்கெட்டெல்லாம் வீட்டைவிட்டு எங்கோ புறப்பட்டுப் போன நாட்களின் டிக்கெட். இப்போது பாஸ் இருக்கிறது, ஒரே தடத்தில் போய் வருகிறீர்கள். உங்களுக்கு வேண்டியிருப்பது வேலையில்லாமல் எங்காவது போய் வருவது என்று நினைக்கிறேன்.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, பாஸ் செல்லாத வழியில் கிளம்புங்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு கவுன்டரில் நின்று காகித டிக்கெட் வாங்குங்கள். குர்லாவில் மாறி ஹார்பர் லைனில் ஜிடிபி நகர் இறங்கினால் உங்கள் பழைய பேட்டை. அங்கிருந்து கிட்டத்தில் அனிக் டிப்போ. பெஸ்ட்டின் அருங்காட்சியகம் அங்கேதான். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொரு மாதம், 1926 ஜூலை 15 அன்று இந்த ஊரின் முதல் பஸ் ஓடிய வழி: ஆப்கன் சர்ச்சிலிருந்து க்ராஃபோர்ட் மார்க்கெட். உங்கள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய டபுள் டெக்கர் 2023 செப்டம்பரோடு போய்விட்டது, ஆனால் அதே வருடம் வந்த ஏசி மின்சார டபுள் டெக்கரிலும் மாடியில் முன் ஸீட் உண்டு. அதற்குச் சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டியிருக்கும், தயங்காதீர்கள்.

(1853-இல் முதல் பயணிகள் ரயில், இப்போது சிஎஸ்எம்டி இருக்கும் போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் போனதே, அந்தத் தடத்தில்தான் தினமும் நசுங்கிக்கொண்டு போகிறீர்கள். சொன்னால் இடிபாடு குறையாது, தெரியும்.)

மகளை இதில் இழுக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் அவளுக்கென்று ஏதோ ஒரு சேகரிப்பு இருக்கும், போனுக்குள் இருக்கலாம். வரட்டுமா என்று அவளாகக் கேட்டால் கூட்டிப் போங்கள்.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டோம்பிவிலி வீட்டில் ஒரு அலமாரித் தட்டு என்பது பெரிய இடம். ஒரே மாதிரி பத்து சீட்டு இருந்தால் நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மீதியை நீங்களே ரத்தியில் சேர்த்துவிடுங்கள். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிறு எது என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஏற்கெனவே உங்களுக்கென்று ஏதாவது வேலை வைத்திருப்பார்.