உப்புத்தாளை எடுப்பதற்கு முன்: பழைய மரச்சாமான் கேள்வி பதில்

பழைய மரச்சாமான்களைச் சீர் செய்து கொடுப்பது காரைக்குடியில் என் தொழில். வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கணக்குப்பிள்ளை மேசை வாங்கினேன். தேக்கு. மேலே ஒரே கறுப்புப் பிசுக்கு. மிஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா? (தேவகோட்டை)

வேண்டாம் தம்பி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு அது. ஒரு சாய்வு மேசையின் கீழ் விளிம்பில், எழுதுகிறவர் மணிக்கட்டு பட்டுப் பட்டு வழவழவென்று லேசான பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் மைக்கறை. அரை மணி நேரத்தில் இரண்டையும் இழைத்துத் தள்ளிவிட்டேன். கொண்டு வந்தவர் விரலால் அந்த இடத்தைத் தடவித் தேடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, துணியை ஒட்டப் பிழிந்து துடையுங்கள். பாதிக் கறுப்பு அதிலேயே போய்விடும். அப்புறம் மேசையின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டியதே இல்லை. 100 கிராம் அவலரக்கை (அவல் மாதிரி தட்டைச் செதில்களாக வரும் அரக்கு) அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சைப் பொதிந்து, அதில் தொட்டு மெல்லிசாக இழுங்கள். பழைய பூச்சு கரைந்து புதியதோடு சேர்ந்துகொள்ளும். ஒரே பூச்சில் பளபளப்பு வராது. ஐந்தாறு பூச்சு ஆகும். தேய்த்தே ஆக வேண்டிய இடம் இருந்தால் 180, பிறகு 220 நம்பர் தாள். கையால், மர ரேகை ஓடும் திசையிலேயே.

அப்பத்தா உட்கார்ந்த பிரம்பு நாற்காலி தொட்டில் மாதிரி தொங்குகிறது. பின்னல் எங்கும் அறுந்திருக்கவில்லை. மாற்றத்தான் வேண்டுமா? (கானாடுகாத்தான்)

அறுந்திருக்கவில்லை என்றால் மாற்றாதீர்கள் ஆச்சி. நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் நனைத்த துண்டைப் பின்னலின் அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பிரம்பின் மேல்தோல் வழுவழுப்பு, தண்ணீர் குடிக்காது; அடிப்பக்கம் குடிக்கும். பிறகு காற்றாட நிழலில் நிமிர்த்தி வைத்து, முழுக்கக் காயும் வரை யாரையும் உட்காரவிடாதீர்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வரும்.

பின்னாளில் அறுந்தால் சட்டத்தைப் பாருங்கள். சுற்றிலும் வரிசையாகத் துளைகள் இருந்தால் கைப்பின்னல்: நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு நடை. பொறுமை இருந்தால் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். துளைக்குப் பதிலாக ஒரே காடி (நீளமான பள்ளம்) ஓடினால், பின்னியே விற்கும் பிரம்பு விரிப்பை வாங்கி ஊறவைத்துக் காடிக்குள் இறக்கி, மேலே பிரம்புக் குச்சியைப் பசையோடு அடித்து இறுக்கினால் போதும். எதுவானாலும் பழசை அறுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிக் கால் ஆடுகிறது. ஆணி அடிக்கலாமா? (பள்ளத்தூர்)

அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், பிறகு ஆசாரியாலும் கழற்ற முடியாது. பழைய நாற்காலிகளில் பெரும்பாலும் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசை) போட்டுத்தான் இணைத்திருப்பார்கள். வெந்நீர்த் துணி சுற்றி வைத்தால் அது இளகிவிடும். காலைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஃபெவிகால் தடவி, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையானால் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

பழைய அலமாரிக்கு மூன்று அடுக்கு பச்சை பெயின்ட். உரிக்க வேண்டும். (புதுக்கோட்டை)

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. பெயின்ட் ரிமூவர் தடவி, இளகியதும் ஈரமாகவே வழித்தெடுங்கள். வெளியில் வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள்.

ஐப்பசியில் பாலிஷ் போட்டேன், வெள்ளையாகப் பூத்துவிட்டது. (கோட்டையூர்)

காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலோட்டமாக ஓர் இழுப்பு இழுங்கள். போய்விடும்.

சோபாவுக்கு ஃபோமா, தேங்காய் நாரா? (திருப்பத்தூர்)

இரண்டும். அடியில் நார், மேலே 40 டென்சிட்டி ஃபோம். ரெக்சின் நம் வெயிலுக்கு ஒட்டும். அழுத்தமான நெசவுள்ள பருத்தித் துணி போடுங்கள். பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் காடாத்துணி உள்ளே வைத்துத் தைத்து உறையாக்கலாம். கட்டம் அழகாக விழும்.

மரம் வறண்டு கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (காரைக்குடி)

தேங்காய் எண்ணெய் காயாது. தூசி பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) சில சொட்டு துணியில் எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப் போடுங்கள்.